சத்து மாத்திரை

வெங்காயம் உரிக்கிறவள் கண்ணைத் துடைத்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் பொன்மணி இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள். நாளைக்குத் தாரணிக்குக் கட்டுச்சோறு. கொழுந்தன் பெண்டாட்டி, தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாசம். அவள் பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவார்கள். சந்தனம் பூசவும் வளையல் போடவும் ஊரில் சுமங்கலிகளுக்கா பஞ்சம். புருசனைத் தின்றவளுக்குப் பின்வாசலும் ஒரு சாக்குச் சின்ன வெங்காயமும். சரி, அதுவும் நல்லதுதான், முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கவேண்டாம். எடு, தலையை நறுக்கு, தோலை இழு, குண்டாவில் போடு. அடுத்ததை எடு. விரல் பாட்டுக்கு ஓடுகிறது, மனசுதான் நகரமாட்டேன் என்று ஒரே இடத்தில் செக்கு சுற்றுகிறது. என் மாத்திரையை யாரோ தின்கிறார்கள். இந்த வீட்டுக்குள்தான் யாரோ. உள்ளே மாமியார் நாச்சாத்தாள் குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறது, தாரணியின் அறையில் காத்தாடி கிரீச்சிடுகிறது, மகள் மதுமிதா பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை. இவர்களை விட்டால் ஆளே இல்லை, கொழுந்தன் பூபதி ரிக் வண்டியோடு ஒடிசாவில் எங்கேயோ போர்க்கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று பேரில் ஒருவர் தின்கிறார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்குப் போகாத ஆம்பிளை ஆம்பிளையா என்று கேட்கிற ஊர். பொன்மணியின் புருசன் தங்கராசுவும் அப்படித்தான் போனான், வருசத்தில் பத்து மாசம் வடநாடு, வந்தால் வாசல் நிறையப் பலகாரம். பெரியாஸ்பத்திரியில் ஒட்டி உலர்ந்து படுத்தபோது டாக்டரம்மா பொன்மணியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார், உங்களுக்கும் ரத்தம் பார்க்கணும். எச்.ஐ.வி. என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார், இவளுக்குத்தான் வராந்தா முழுக்கக் கேட்டதுபோல இருந்தது. அம்மாகிட்டச் சொல்லிராதே, மஞ்சக்காமாலைன்னு சொல்லு, அவ தாங்கமாட்டா என்று தங்கராசு கையைப் பிடித்துக்கொண்டான், அந்தக் கையில் எலும்புதான் இருந்தது. மஞ்சக்காமாலை என்றே சொன்னாள், ஊரும் நம்பிக்கொண்டது. மதுமிதாவுக்குப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கக்கூசில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், வெங்காயமில்லாமல் அழுதது அதுதான் கடைசி. அன்றிலிருந்து ராத்திரிக்கு ஒரு மாத்திரை, மாசத்துக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரி, கேட்டால் கோயிலுக்கு வேண்டுதல். ஆஸ்பத்திரி டப்பாவில் பேர் எழுதியிருக்கும், பஸ்ஸில் வரும்போதே அதைக் கிழித்துப்போட்டுவிட்டு மாத்திரையெல்லாம் கால்சியம் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிவிடுவாள். அந்த டப்பாவும் ஒளிவிலா இருக்கிறது, அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் பட்டப்பகலாக நிற்கிறது. ஒளித்துவைத்தால்தானே தேடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று சொன்னவர்கள் என்னை வந்து பார்க்கட்டும் என்று மனசுக்குள் ஒரு மிதப்புகூட இருந்தது. மிதப்புக்குத்தான் இப்போது அடி விழுகிறது.

முதல் மாசம் டப்பா சீக்கிரம் காலியானபோது தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை போட்டிருப்பேனோ, மாற்றும்போது பஸ்ஸில் சிந்தியிருப்பேனோ. ஆஸ்பத்திரியில் போய் முன்கூட்டியே கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, மாத்திரை எங்கே போச்சு என்று கேட்டால் என்ன சொல்வது. மாசக் கடைசியில் மாத்திரை இல்லாமல் படுத்தாள். ஒரு வாரந்தானே, என்ன ஆகிவிடும் என்று மனசு சொன்னது, மனசு சொல்வதைக் கேட்டு உருப்பட்டவர்கள் யார். அடுத்த மாசமும் அதே கதை. போன தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருசம் அடங்கிக் கிடந்த கிருமி மேலே ஏறியிருக்கிறது என்றார்கள். ஜெசிந்தா அக்கா தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரிக்கும் நோயாளிகள் வீட்டுக்குமாக அலைகிற வேலை அவளுக்கு, அவளுக்கும் இதே நோய்தான், அதை மறைக்காமல் சொல்வாள். விட்டு விட்டுக் குடிச்சா கிருமி மருந்துக்குப் பழகிக்கும் பொன்மணி, அப்பறம் இந்த மருந்து கேக்காது. வீட்ல ஒருத்தருக்காச்சும் தெரியணும், குடிச்சியான்னு கேக்க ஒரு ஆள் வேணும், எனக்கு எங்க மாமியாரும் வீட்டுக்காரருந்தான் ராத்திரியானா மாத்திரையும் தண்ணியும் கொண்டாந்து நீட்டறாங்க, உனக்கு ஆரு இருக்கா சொல்லு, நான் வந்து பக்குவமாப் பேசறேன். ஆரு இருக்கா. பொன்மணி அன்றைக்கு மாத்திரை டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சேரி, மகளிர் குழு விசயமா வர்றாப்பல வர்றேன், பாத்துட்டு மட்டும் போறேன் என்றாள் ஜெசிந்தா. இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள். வேண்டாம் என்று போன் செய்ய காலையிலிருந்து கை போய்ப் போய்த் திரும்பிவிட்டது.

மாமியாராகத்தான் இருக்கும். முட்டிவலிக்காரி, சத்து மாத்திரை என்று எழுதியிருப்பதை மதுமிதாவை விட்டுப் படிக்கச்சொல்லியிருப்பாள், மருமகள் மட்டும் தனியாகச் சத்து ஏற்றிக்கொள்கிறாளே என்று எடுத்து வாயில் போட்டிருப்பாள். வயசான உடம்பு, வேண்டாத மருந்து. ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் என்ன சாப்பிட்டீங்க பாட்டி என்று கேட்பார்கள், இவள் அந்த டப்பாவைக் கொண்டுபோய் நீட்டுவாள், அதோடு முடிந்தது. என்ற மகனையும் தின்னுட்டு என்னையும் கொல்லப் பாத்தயாடி. இல்லை, மாமியாராக இருக்காது, அந்த மூடியை அமுக்கித் திருகவேண்டும், சுருண்டுபோன விரலை வைத்துக்கொண்டு அவளால் தைல பாட்டிலையே திறக்க முடியாமல் பேத்தியைத்தானே கூப்பிடுகிறாள். அப்படியென்றால் மதுமிதா. சத்து மாத்திரை சாப்பிட்டால் உயரமாகலாம் என்று வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள், குட்டையாக இருக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் எம்பி எம்பிப் பார்க்கிற பிள்ளை. போன வாரம் சோறு பிடிக்கவில்லை என்று தட்டை நகர்த்தினாளே, தலை சுற்றுகிறது என்றாளே, வெயிலில் ஆடினாயாடி என்று திட்டி அனுப்பினேனே. கடவுளே, என் கையாலேயே அலமாரியில் எடுத்துக்கொடுப்பதுபோல வைத்திருக்கிறேனே. டப்பாவை ஏன் அப்போதே இடம் மாற்றவில்லை. மாற்றினால் எடுக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வாயைத் திறந்து கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வேன். கேள்விக்குப் பயந்து விஷயத்தையே விட்டுவிட்டவள். ஆ. கத்தி இடதுகைப் பெருவிரலில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை, ஒரு சொட்டுதான், ஆனால் குண்டாவில் விழுந்ததா. விழுந்திருக்கும். சமைக்கிறதால வராது, கூட உக்காந்து சாப்பிடறதால வராது, வெளிய வந்த ரத்தம் கொதியில ஒண்ணுமில்லாமப் போயிரும் என்று ஜெசிந்தா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியமாட்டேன் என்கிறது. விரலைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, உரித்த வெங்காயத்தில் மேலாக இருந்ததையெல்லாம் வாரிக் குப்பைக்குழியில் போட்டாள். போட்டபிறகும் கீழே இருந்ததை உற்றுப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது, பார்க்கப் பார்க்கச் சிவப்பாகத் தெரிந்தது. இந்த வெங்காயத்தைத்தான் நாளைக்கு விருந்துக்கு வருகிற அத்தனை ஒறம்பரையும் தின்னப்போகிறது. பிறகு தெரியவந்தால், பொன்மணி உரித்த வெங்காயமா என்று ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய் வாய்க்குள் விரலை விடுவாள்.

"எதுக்குங்க்கா வெங்காயத்தக் கொட்டறீங்க?" தாரணி கதவு நிலவுகாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாளோ. "அழுகலு" என்றாள் பொன்மணி. "நீ போயிப் படு. வவுத்த வெச்சுக்கிட்டு கீழ உக்காந்தா உங்கத்தெ என்னையத்தான் வைவாங்க." தாரணி கேட்கவில்லை, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள், உரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல பெண். வந்த நாள் முதலாய் அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், தாலியறுத்தவள் என்று முகத்தைத் திருப்பியதில்லை, இவளிடம் சொல்லலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. தோன்றினதோடு சரி. "சாயங்காலம் குழுவுல இருந்து ஆரோ வர்றாங்களாக்கா?" "வந்தா உனக்கென்ன?" "இல்லீங்க்கா. நாளைக்கு எங்கம்மாவுங்க வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்பறம் கொழந்தை பொறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் வருவேன்." உருட்டுகிறாள். "உங்க சத்து மாத்திர டப்பாவுல இருந்து எனக்குக் கொஞ்சம் குடுத்து உடறீங்களா?" இவளா. மூன்று பேர் என்று எண்ணியதோடு சரி, மாமியாரையும் பெற்ற மகளையும் சந்தேகப்பட்டவள் இவளைச் சந்தேகப்படவே இல்லை. வயிற்றுப்பிள்ளைக்குச் சத்து என்று எண்ணி எடுத்துத் தின்றிருக்கிறது பைத்தியம், ஒன்றும் தெரியாத வயிற்றில் போய் அந்த மருந்து என்ன பண்ணுமோ, பிள்ளை ஊனமாகப் பிறந்தால் அதுவும் என் தலையில். "எத்தன நாளா திங்கறே?" "ரெண்டு மாசமா. டெய்லி இல்லீங்க்கா, ஒருநா உட்டு ஒருநா. சில சமயம் ரெண்டு நா உட்டு." "அடிப்பாவி, அது உனக்குக் குடுத்ததில்லடி. சத்து மாத்திரைன்னு நெனச்சுத் தின்னுட்டயா? அது வேறடி, அது எனக்கு ஒரு—" "என்னன்னு தெரிஞ்சுதானுங்க்கா தின்னேன்."

காத்தாடி கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. தாரணி தலையைத் தூக்காமல் வெங்காயத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளை தங்கிய புதிதில் பிறந்த வீட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தார்கள், எல்லோருக்கும் எடுப்பதுபோல ரத்தம் எடுத்தார்கள், மறுதடவை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நர்சம்மா தனியாகச் சொன்னார். ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார்கள், தினம் தவறாமல் குடித்தால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், போன் நம்பர் கேட்டார்கள். பயத்தில் இல்லாத நம்பரைச் சொல்லிவிட்டாள். அந்த டப்பா தீர்ந்தபிறகு போக வழியில்லை, எங்கே கிளம்பினாலும் அத்தை கூடவே வருகிறார். அப்படி ஒருநாள் உப்பு எடுக்கப் போய்ச் சரியாக மூடாத டப்பா உருண்டு திறந்துகொண்டது, அள்ளிப்போடும்போது பார்த்தால் அதே மாத்திரை, அதே எழுத்து. அன்றைக்குத்தான் அக்காவுக்கும் என்று தெரிந்தது. பொன்மணிக்கு முதலில் வந்தது கோபம். இரக்கம் வந்திருக்கவேண்டும், வரவில்லை, ஓங்கி ஒன்று விடலாம் போலத்தான் வந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் ஒரே மாத்திரையை மறைத்திருக்கிறோம். "மாசக் கடேசில நான் மாத்திரை இல்லாமப் படுத்தேன், பாத்துட்டுத்தானே இருந்தே?" "பாத்தேனுங்க்கா." "அப்பவும் எடுத்தே." "கொழந்தைய நெனச்சேனுங்க்கா. உங்கள நெனக்கல." பொய் சொல்லியிருந்தால்கூட அடித்திருப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா, மதுமிதாவுக்காக என்றால் இவளும் யார் டப்பாவில் வேண்டுமானாலும் கையை விட்டிருப்பாள். கோபம் வடிந்த இடத்தில் பயம் ஏறியது. ஒருநாள் விட்டு ஒருநாள். எனக்கும் அரைகுறை, இவளுக்கும் அரைகுறை, உள்ளே இருக்கிறதற்கும் அரைகுறை. விட்டு விட்டுக் குடித்தால் பழகிக்கொள்ளும் என்றாளே ஜெசிந்தா, இவள் வயிற்றுக்குள் இந்நேரம் அது பழகிக்கொண்டிருக்கிறதோ, தொப்புள்கொடி வழியாக ஏறிக்கொண்டிருக்கிறதோ. இன்றைக்கு விட்டால் நாளைக்கு இவள் போய்விடுவாள், அங்கே உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் டப்பா இருக்காது. "சொல்லிராதீங்க்கா" என்றாள் தாரணி, "நான் கொண்டாந்தேன்னுதான் சொல்வாங்க." வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது, குறட்டையும் நின்றது, ஆரது என்று மாமியார் உள்ளிருந்து கேட்டாள்.

ஜெசிந்தா குழுக்காரியாக நன்றாகத்தான் நடித்தாள். கூட்டத்துக்குப் பொன்மணி வர்றதே இல்லீங்கம்மா, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நாச்சாத்தாள் பின்வாசலுக்கே பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள், வந்தவளின் ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்தாள், நாளைக்கு விருந்துக்கு வரச்சொன்னாள். பேச்சு ஓடுகிறது, பொன்மணிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நான் எனக்காக இதைச் சாகும்வரைக்கும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொன்னால் முதலில் மதுமிதாவைப் பிரிப்பார்கள், தட்டைப் பிரிப்பார்கள், பாயைப் பிரிப்பார்கள், ஒருவேளை வாசலைக் காட்டுவார்கள். சொல்லாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருக்கிற வயிறு. தாரணி மாட்டேன் மாட்டேன் என்று கண்ணால் கெஞ்சுகிறாள், உன்னுடையதை நான் சொல்லமாட்டேன் அம்மிணி, என்னுடையது என்னுடையதுதானே, அதைச் சொன்னால் இந்த வீட்டுக்குள் ஆஸ்பத்திரி வரும், உனக்கும் ஒரு வழி திறக்கும். "அத்தெ" என்றாள். தன் குரல்தானா அது. "இவங்க குழு இல்லீங்க. ஆஸ்பத்திரி. எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க. உங்க பையனுக்கும் அதுதானுங்க." ஜெசிந்தா சட்டென்று நகர்ந்து பொன்மணி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவனுக்கு மஞ்சக்காமாலை" என்றாள் நாச்சாத்தாள், பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "இல்லீங்கத்தெ. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவருதான் கையப் பிடிச்சுக்கிட்டாரு." மாமியார் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், அக்கம்பக்கம் கூடும் என்றுதான் மூன்று வருசமாக நினைத்துவைத்திருந்தாள். கிழவி கத்தவில்லை. நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், குண்டாவிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள், பொன்மணியின் சீலைத் தலைப்பு சுற்றிய விரலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எல்லாம் இருந்தது. "தாரணி, எந்திரிச்சு அக்கட்டால போ கண்ணு, புள்ளத்தாச்சி" என்றாள். தாரணி எழுந்திருக்கவில்லை. "எந்திரின்னு சொல்றேனில்ல." "எனக்குந்தானுங்கத்தெ" என்றாள் தாரணி.

கொடுத்த டப்பா தீர்ந்ததையும் ரெண்டு மாசமாக அக்காவின் மாத்திரையை விட்டு விட்டுத் தின்றதையும் அவளே சொல்லிமுடித்தாள். ஜெசிந்தா பேசினாள், பாடம் எடுக்காமல், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. தொட்டால் வராது, ஒரு தட்டில் தின்றால் வராது, மாத்திரை தவறாமல் குடித்தால் நூறு பேரைப்போல இருக்கலாம், நானே இருக்கிறேனே. நாச்சாத்தாள் அதையெல்லாம் கேட்டாளோ இல்லையோ. "வவுத்துல இருக்கறது?" என்றாள். "டாக்டர் பாக்கணுங்கம்மா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்து, சரியான மருந்து குடுத்து, இனிமே ஒருநாளும் உடாமக் குடிச்சா வராமப் பாத்துக்கலாம். ரெண்டு மாசம் வீணாப் போயிருச்சு, அத நான் மறைக்கமாட்டேன். நாள் கம்மி. பூபதியும் வந்து ரத்தம் பாத்துக்கணும்." பூபதியின் பேரைக் கேட்டதும் கிழவி கண்ணை மூடிக்கொண்டாள், மிச்சமிருக்கிற ஒரே மகன். "நாளைக்குக் கட்டுச்சோறு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "சோறு உண்டுபோட்டு அவங்க கூட்டிட்டுப் போயிட்டா அப்பறம் அங்க என்ற பேச்சு எடுபடாது." நாள் குறித்த கட்டுச்சோறு சும்மா நிற்காது. மழை என்றால் குடையோடு வருவார்கள், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் காரோடு வருவார்கள். எழவு விழுந்தால் மட்டும்தான் நிற்கும். "போன் போட்டுக் குடு" என்றாள். பொன்மணி சம்பந்தியம்மாவுக்குப் போட்டு நீட்டினாள். வாங்கும்போது கிழவியின் விரல் பொன்மணியின் விரலில் பட்டது, அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பட்டது தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்கு வரவேண்டாம் சம்பந்தி. வீட்டுல எழவு உழுந்திருச்சு." போனில் பதறுகிற சத்தம் பின்வாசல் முழுக்கக் கேட்டது. "ஐயையோ, ஆருங்க? எப்பொ?" நாச்சாத்தாள் வாயைத் திறந்தாள், மூடினாள். பங்காளி வகையறாவில் கிழடுகட்டைகளுக்குக் குறைவில்லை, யார் பேரையாவது சொல்லித் தொலைக்கலாம். ஆனால் உயிரோடிருக்கிறவனைச் செத்தான் என்று சொல்கிற வாய் இல்லை அது, சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுகிற வாய். சொல்லமாட்டாள், போனை வைத்துவிடுவாள், நாளைக்கு விடிந்தால் அவர்கள் வந்து நிற்பார்கள் என்று பொன்மணி நினைத்தாள். தாரணி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற பெரியவன்" என்றாள் நாச்சாத்தாள்.

"தங்கராசுங்களா? என்னங்க சம்பந்தி சொல்றீங்க, அவரு போயி மூணு வருசமாச்சுங்களே?"

"எனக்கு இன்னைக்குத்தான் சேதி வந்துச்சு."